களைத்தால் மேலேதான் ஏற வேண்டும்: கிராண்ட் கேன்யனில் தனியாக ஓடப் போகிறவர்களுக்கு

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் விடியற்காலையில் ஓடுகிறவர்களில் சிலருக்கு, மாரத்தான் முடித்த கையோடு அடுத்த ஆசை ஒன்று வந்துவிடுகிறது. மகனையோ மகளையோ பார்க்க அமெரிக்கா போகும்போது, கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் தனியாக ஒரு 'ரிம் டு ரிம் டு ரிம்' (ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்புக்குப் போய், மறுபடி தொடங்கிய விளிம்புக்கே திரும்புவது) ஓடிவிட்டு வரலாமா என்று கேட்கிறார்கள். பிசியோதெரபி மேஜையில் முழங்காலைக் காட்டிக்கொண்டே கேட்கிறவர்களும் உண்டு. "சென்னை வெயிலையே பார்த்தவங்க நாங்க" என்பதுதான் எல்லோரும் சொல்லும் தைரியம். அந்தத் தைரியத்தில் பாதிதான் அங்கே செல்லும்.

முதலில் இடத்தின் கணக்கைப் பாருங்கள். தெற்கு விளிம்பில் சவுத் கைபாப் பாதை தொடங்கும் இடம் சுமார் 2,210 மீட்டர், ஏறக்குறைய நம் ஊட்டி உயரம். அங்கிருந்து 11 கிலோமீட்டரில் கொலராடோ ஆறு ஓடும் 750 மீட்டருக்கு இறங்கிவிடுவீர்கள். பிறகு நார்த் கைபாப் பாதையில் 22 கிலோமீட்டருக்கு மேல் ஏறினால் வடக்கு விளிம்பு. அது 2,510 மீட்டர், தொட்டபெட்டாவுக்குச் சற்றுக் கீழே. வந்த வழியே ஆற்றுக்கு இறங்கி, பிரைட் ஏஞ்சல் பாதையில் மறுபடி தெற்கு விளிம்புக்கு ஏற வேண்டும். மொத்தம் 70 கிலோமீட்டருக்கு மேல். ஏற்றம் மட்டும் 3,000 மீட்டரைத் தாண்டும்.

இது தலைகீழ் மலை. ஏற்காட்டிலோ ஏலகிரியிலோ கால் ஓய்ந்தால் திரும்பி இறங்கிவிடலாம். இங்கே கால் ஓயும்போது நீங்கள் கீழே இருப்பீர்கள். வெயில் உச்சத்தில் இருக்கும். வீட்டுக்குப் போகும் வழி மேலே இருக்கும். இறங்க ஆன நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஏறுவதற்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறது பூங்கா நிர்வாகம். ஒரே நாளில் ஆற்றுக்கு இறங்கி ஏறுவதே வேண்டாம், அதுவும் மே முதல் செப்டம்பர் வரை கூடவே கூடாது என்பதும் அவர்கள் எழுதி வைத்திருப்பதுதான். ஆனால் தனி ஆளாகப் பகலில் ஓட அனுமதிச் சீட்டு எதுவும் தேவையில்லை. இரவு கூடாரம் போட்டால்தான் தேவை. அதனால் யாரும் உங்களைத் தடுக்கப் போவதில்லை. நீங்கள் உள்ளே போனது யாருக்கும் தெரியவும் போவதில்லை.

வடசென்னையில் இதற்குப் பயிற்சி எடுப்பதில் உள்ள சிக்கல் வெயில் அல்ல, தரை. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசையை ஒட்டி எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் கடல் மட்டத்தை விட்டு நகரமாட்டீர்கள். நமக்கு மலை என்றால் மூலக்கடை மேம்பாலம். சமதரையில் ஓடிப் பழகிய தொடைக்கு ஏற்றம் மூச்சு வாங்க வைக்கும், அவ்வளவுதான். தொடையை உடைப்பது இறக்கம். ஒவ்வொரு அடியிலும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைப் பிடித்து நிறுத்துகிறது. பழகாத தசையில் நுண்ணிய கிழிசல்கள் விழும். ஆற்றங்கரைக்கு வரும்போதே தொடை நடுங்கினால், மிச்சமிருக்கும் அறுபது கிலோமீட்டரை எதைக் கொண்டு ஓடுவது?

பத்து மாடிக் குடியிருப்பு ஒன்று போதும். லிஃப்டில் ஏறுங்கள், படியில் இறங்குங்கள். வாட்ச்மேன் ஒரு மாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை. மாடிக்கு 3 மீட்டர் என்றால் ஒரு இறக்கம் 30 மீட்டர். தெற்கு விளிம்பிலிருந்து ஆறு வரை இறங்குவது ஏறக்குறைய ஐம்பது தடவைக்குச் சமம். முதல் வாரம் ஐந்து தடவைக்கு மேல் வேண்டாம். அதற்கே மறுநாளைவிட இரண்டாம் நாள் அதிகம் வலிக்கும், அது இயல்பு. வாரம் ஒரு நாள், வலி முழுதும் போன பிறகு, எட்டு வாரத்தில் இருபது தடவைக்குக் கொண்டுவாருங்கள். வேறொரு நாள் லிஃப்டைத் தொடாமல், ஓடும் பையில் 3 கிலோ வைத்துக்கொண்டு ஏறி இறங்குங்கள். பயணத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்பே இறக்கப் பயிற்சியை நிறுத்திவிட வேண்டும். மலைப்பாதையே வேண்டுமென்று அனுமதி இல்லாமல் காட்டுக்குள் தனியாகப் போகாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்களுக்கு நடந்தது நினைவிருக்கும்.

இனி வெயில். இங்கே பத்து நிமிடத்தில் பனியன் நனைந்து சொட்டும், ஆனால் காற்றில் ஈரம் இருப்பதால் வியர்வை காயாது, உடல் குளிராது. அங்கே நேர் எதிர். வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும். சட்டையில் வெள்ளையாக உப்புக்கோடு மட்டும் மிஞ்சும். 'நமக்கு வியர்க்கவே இல்லையே' என்று நினைத்துத் தண்ணீரைத் தள்ளிப்போடுவதுதான் சென்னைக்காரர் செய்யும் தவறு. அதே வறட்சி ஒரு விதத்தில் உதவவும் செய்யும். ஓடையில் சட்டையை முக்கிப் போட்டுக்கொண்டால் எண்ணூரில் புழுக்கம்தான் மிஞ்சும். அங்கே ஏசி போட்டதுபோல் இருக்கும். பகல் வெயிலுக்கு மட்டும் பருத்திச் சட்டை அங்கே நல்லது. இருட்டிய பிறகு அதே ஈரப் பருத்தி உடம்பை நடுங்க வைக்கும், மாற்றிவிடுங்கள்.

பாதையில் மிக மோசமான இடம் 'தி பாக்ஸ்'. ஆற்றோரத் தங்குமிடமான ஃபேன்டம் ரேஞ்சைத் தாண்டியதும் ஆறேழு கிலோமீட்டருக்கு இருபுறமும் கரும்பாறைச் சுவர். பகலெல்லாம் வாங்கிய சூட்டை மாலையிலும் கக்கும், அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுவதுபோல. போகும்போது விடியலிலும், திரும்பும்போது பொழுது சாய்ந்த பிறகும்தான் அதைக் கடக்க வேண்டும். காலை 10 முதல் மாலை 4 வரை அங்கே ஓடுவதாக உங்கள் திட்டம் இருந்தால், மாதத்தை மாற்றுங்கள். எங்கள் கணிப்பில் அக்டோபர் முதல் பாதி நல்லது.

தண்ணீர்க் கணக்கை இங்கேயே தொடங்கலாம். ஓடுமுன் ஆடையில்லாமல் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடி, துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். 68.4 கிலோ 67.3 ஆகி, நடுவில் 300 மில்லி குடித்திருந்தால், உங்கள் வியர்வை மணிக்கு 1.4 லிட்டர். அவ்வளவையும் ஈடுகட்டிக் குடிக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. எவ்வளவு சுமக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கணக்கு. தாகத்துக்கு மிஞ்சி வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போனால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். குமட்டல், தலைவலி, விரல் வீங்கி மோதிரம் இறுகுவது, பேச்சு குழறுவது எல்லாம் அதன் அடையாளங்கள். வெயில் களைப்பிலும் குமட்டும் என்பதால் பலர் மேலும் தண்ணீரைக் குடித்து நிலைமையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். விரல் வீங்கி, வயிறு தண்ணீரில் குலுங்கினால் குடிப்பதை நிறுத்தி, உப்பானது ஏதாவது சாப்பிட்டு நிழலில் உட்காருங்கள். தலை தெளியவில்லை என்றால் உடனே உதவி கேளுங்கள்.

ஓஆர்எஸ் கொண்டுபோகிறவர்கள் பாக்கெட்டில் உள்ள அளவைப் படியுங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டினால் அதுவே குமட்டும். அதில் சர்க்கரை லிட்டருக்கு 13.5 கிராம்தான், அது சாப்பாடு ஆகாது. மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து தனியாக வேண்டும். கடலை மிட்டாய் நல்ல பண்டம், ஆனால் வாய் உலர்ந்த நிலையில் அது இறங்காது. பேரீச்சம்பழம் இறங்கும். வலி மாத்திரை மட்டும் பையில் வேண்டாம். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை, உடலில் நீர் வற்றியிருக்கும்போது சிறுநீரகத்தைத் தாக்கும். ஓட்டம் முடிந்து சிறுநீர் கோலா நிறத்தில் போனால், உறங்கப் போகாமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

குழாய்களை நம்பித் திட்டம் போடாதீர்கள். சவுத் கைபாப் பாதையில் குழாயே கிடையாது. மற்ற பாதைகளில் பல குழாய்கள் பருவத்துக்கு மட்டும் திறப்பவை. பள்ளத்தாக்கின் குறுக்கே போகும் பழைய குழாய்வழி அடிக்கடி உடையும். 2025 ஜூலையில் பரவிய டிராகன் பிராவோ தீ வடக்கு விளிம்பு விடுதியையே எரித்துவிட்டது. ஆகவே எந்தப் பாதை, எந்தக் குழாய் திறந்திருக்கிறது என்பதைப் பூங்காவின் இணையதளத்தில் புறப்படும் முந்தைய நாள் மாலை பார்த்தே ஆக வேண்டும். 3 லிட்டர் கொள்ளும் பைகளும், ஓடை நீரை வடிகட்ட ஒரு ஃபில்டரும் வேண்டும். நனைந்த ஃபில்டர் ஒருமுறை உறைந்தால் உள்ளே இழை வெடித்துவிடும், பார்த்தால் தெரியாது. குளிர்ந்த விடியலில் அதைப் பையில் தொங்கவிடாமல் சட்டைக்குள் வையுங்கள்.

பள்ளத்தாக்குக்குள் பெரும்பாலும் செல்போன் சிக்னல் இல்லை. சாட்டிலைட் மெசஞ்சர் (செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி) அவசியம், ஆனால் அதை அங்கேயே வாடகைக்கு எடுத்து, அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உரிமம் இல்லாமல் அந்தக் கருவியை இந்தியாவுக்குள் கொண்டுவந்து விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

திரும்பும் நேரத்தை மேலே இருக்கும்போதே, தலை தெளிவாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள். காலை 4 மணிக்குப் புறப்பட்டால், 6:30க்குள் ஃபேன்டம் ரேஞ்ச்; 9:30க்குள் நார்த் கைபாப் பாதையில் உள்ள மன்சனிட்டா ஓய்விடம். அந்த நேரம் தாண்டிவிட்டால் அங்கிருந்தே திரும்பிவிட வேண்டும். மன்சனிட்டாவிலிருந்து வடக்கு விளிம்புக்கு 8.7 கிலோமீட்டரில் 1,100 மீட்டர் ஏற்றம். தாமதமானவர் அங்கே மேலும் தாமதமாவார், நேரத்தைப் பிடிக்க மாட்டார். முதல் தடவை போகிறவர் என்றால் ஆறு வரை மட்டும் இறங்கி பிரைட் ஏஞ்சல் வழியே ஏறினாலே 27 கிலோமீட்டர். அதைக்கூடத் துணையோடு செய்யுங்கள் என்பதே எங்கள் பேச்சு.

கடைசியாக ஒரு தாள். வீட்டில் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போங்கள். கிராண்ட் கேன்யன் இருக்கும் அரிசோனாவில் கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. நமக்கும் அவர்களுக்கும் எப்போதும் பன்னிரண்டரை மணி நேரம் வித்தியாசம். அங்கே காலை 4 என்றால் தண்டையார்பேட்டையில் அதே நாள் மாலை 4:30. அங்கே இரவு 10 என்றால் இங்கே மறுநாள் காலை 10:30. தாளில் பாதையின் பெயர், சட்டை நிறம், மருந்து ஒவ்வாமை, இன்சூரன்ஸ் எண் இருக்கட்டும்; அந்த பாலிசி சாகச விளையாட்டை விலக்கியிருக்கிறதா என்று முன்பே படித்துவிடுங்கள். இங்கிருந்து 911 அடித்தால் அங்கே போகாது என்பதால், பூங்காவின் அவசர எண்ணை அவர்களுடைய தளத்திலிருந்து எடுத்து, அமெரிக்க நாட்டுக் குறியீட்டோடு பெரிய எழுத்தில் எழுதுங்கள். அதன் கீழே: "காலை 10:30 வரை மெசேஜ் வரவில்லை என்றால், நம்மாளுங்களுக்கு ஃபோன் போட்டுக்கொண்டு இருக்காமல் இந்த நம்பருக்கு அடி."