முதுகில் போட்ட ஊசியும் பின்னால் வந்த பூஞ்சையும்

2012 செப்டம்பர். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், வாண்டர்பில்ட் மருத்துவமனையில் ஒருவர் மூளைக்காய்ச்சலோடு கிடந்தார். கொடுத்த ஆன்டிபயாடிக் எதுவும் கேட்கவில்லை. அவருடைய தண்டுவட நீரை எடுத்து வளர்த்துப் பார்த்தால், ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை! எதிர்ப்புச் சக்தி குறையாத ஒருவருக்கு இது எப்படி வந்தது? மருத்துவர் ஏப்ரல் பெட்டிட் குடும்பத்தாரிடம் துருவிக் கேட்டார். சில வாரங்களுக்கு முன் முதுகுவலிக்காக ஸ்டீராய்டு ஊசி போட்டிருக்கிறார்கள். உடனே மாநிலச் சுகாதாரத் துறைக்குத் தகவல் போனது.

அந்த ஒரு கேள்விதான் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்தது. மாசசூசெட்ஸில் ஒரு மருந்துக்கூடம் தயாரித்த ஊசிமருந்தில் பூஞ்சை கலந்திருந்தது. 20 மாநிலங்களில் 750 பேருக்கு மேல் நோய், 60 பேருக்கு மேல் மரணம். பெரும்பாலானோரிடம் கிடைத்தது எக்சரோஹைலம். புல்லிலும் சோளத் தட்டையிலும் வாழ்கிற கறுப்புப் பூஞ்சை அது. மனிதரைத் தொடுவதே அபூர்வம். ஆனால் இங்கே ஊசி அதைத் தோலைத் தாண்டி நேராக முதுகெலும்புக்குள் இறக்கிவிட்டது. கூடவே போன ஸ்டீராய்டு, காவலுக்கு வரவேண்டிய வெள்ளணுக்களையும் அடக்கி வைத்தது.

கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. வந்தவர்கள் எல்லாரும் ஏற்கெனவே முதுகுவலிக்காரர்கள். புதிதாக வலித்தாலும் "பழைய வலிதானே" என்று இருந்துவிடுவார்கள். பூஞ்சையோ வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் மெதுவாக வளர்கிறது. மிச்சிகனில் ஒரு மருத்துவமனை, ஊசி போட்டுக்கொண்டு, அதுவரை சிகிச்சைக்கே வராதவர்களைத் தானே கூப்பிட்டு எம்ஆர்ஐ எடுத்தது. 172 பேரில் 36 பேருக்குப் படம் சரியில்லை. சிலருக்குத் தண்டுவட உறைக்கு வெளியே சீழ்க்கட்டி. சிலருக்கு நரம்பு வேர்கள் நனைந்த நூல்போல ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. தண்டுவட நீரில் வெள்ளணு கூடியிருந்தும் பலருக்குப் பூஞ்சை வளரவில்லை. அதனால் அதன் டிஎன்ஏவைத் தேடும் பிசிஆர் சோதனை தேவைப்பட்டது.

சரி, கொல்வது எப்படி? பூஞ்சையின் செல், பாக்டீரியாவைவிட நம்முடைய செல்லுக்கு நெருங்கிய சொந்தம். அதைத் தாக்கும் மருந்து நம்மையும் தொட்டுவிடும். முக்கியமான ஒரு வேறுபாடு சவ்வில் இருக்கிறது: நமக்குக் கொலஸ்டிரால், அதற்கு எர்கோஸ்டிரால். வோரிகோனசோல் மருந்து எர்கோஸ்டிராலை உருவாகவிடாமல் தடுக்கிறது, தண்டுவட நீருக்குள்ளும் நன்றாகப் போய்ச் சேருகிறது. நோய் கடுமையானால் ஆம்போடெரிசின் என்ற இன்னொரு பூஞ்சைக்கொல்லி மருந்தும் சேரும். அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

வோரிகோனசோலை ஒவ்வொருவர் கல்லீரலும் ஒவ்வொரு வேகத்தில் கரைக்கிறது. அதனால் ரத்தத்தில் அளவு பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும். குறைந்தால் பூஞ்சை தப்பிவிடும். கூடினால் இல்லாத உருவங்கள் கண்முன் நடமாடும். வெயிலில் தோலும் எரியும். இதைக் குறைந்தது 3 மாதம், முதுகெலும்பில் இறங்கியிருந்தால் 6 மாதமோ அதற்கு மேலோ சாப்பிட வேண்டும். கட்டி இருந்தால் அறுவை செய்து வெளியேற்ற வேண்டும். மருந்தை முடித்த பிறகு நோய் திரும்பியவரும் உண்டு. அதனால் நிறுத்திய பிறகும் மறுபடி எம்ஆர்ஐ, மறுபடி தண்டுவட நீர்ச் சோதனை என்று அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.