பெடிகிரி: கொடிவழி

தமிழர் பலருக்கு நாய்த் தீவனப் பையில் அச்சிட்ட பெயராகவே அறிமுகமான ‘பெடிகிரி’, 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது மனிதரின் குலவரிசையையே குறித்தது. குதிரைக்கும் நாய்க்கும் அது பின்னரே சென்றது. இதன் மூலம், ‘நாரையின் கால்’ என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுத் தொடர். குலவரிசை எழுதியவர்கள் பெற்றோர் பெயரிலிருந்து பிள்ளைகளின் பெயர்களுக்குக் கீழ்நோக்கி இழுத்த மூன்று கோடுகள், விரலை விரித்து ஊன்றிய நாரைக் காலைப் போல இருந்ததால் இப்பெயர் ஏற்பட்டது என்பர். ஆக, சொல் முதலில் சுட்டியது குருதி உறவை அன்று, தாளில் வரைந்த கோட்டை.

இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியமானது என்பதற்கு, பிரிட்டிஷ் இளவரசி டயானா பிறந்த ஸ்பென்சர் குடும்பமே நல்ல சான்று. ஆட்டு மந்தைகளால் பொருள் சேர்த்த இக்குடும்பத்தார் 1508இல் ஆல்தார்ப் பண்ணையை வாங்கினர். செல்வம் வந்தபின் பழம்பெருமையும் வேண்டியிருந்தது போலும். 1595இல் அரச விருதுச் சின்ன அதிகாரியான ரிச்சர்டு லீ, இடைக்காலப் பெருங்குடியான டெஸ்பென்சர்களோடு இவர்களை இணைத்து ஒரு கொடிவழி வரைந்து கொடுத்தார். அது பொய்யென்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரலாற்றாய்வாளர் ஹொரேஸ் ரவுண்ட் நிறுவும்வரை அக்கோடுகள் மெய்யாகவே மதிக்கப்பட்டன.

வேடிக்கை என்னவென்றால், 1621இல் பிரபுக்கள் அவையில் முன்னோரின் செயல்களைப் பற்றி ராபர்ட் ஸ்பென்சர் பேசியபோது, அரண்டல் பிரபு குறுக்கிட்டு, அக்காலத்தில் உம் முன்னோர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தனர் என்று இடித்துரைக்க, ஸ்பென்சர் அதை மறுக்கவே இல்லை. என் முன்னோர் ஆடு மேய்த்தபோது உம் முன்னோர் அரச துரோகத்துக்குச் சதி செய்துகொண்டிருந்தனர் என்று திருப்பிக் கொடுத்தார். அரண்டலின் பாட்டனார் அக்குற்றத்துக்காக 1572இல் தலை வெட்டப்பட்டவர். தந்தையார் லண்டன் கோபுரச் சிறையில் இறந்தவர்.

தமிழில் ஈடான சொற்களுக்குப் பஞ்சமில்லை. ‘வமிசாவளி’ வடசொல், அதிலுள்ள ‘வம்சம்’ மூங்கிலையும் குறிக்கும். ‘குலமுறை’ நம் இலக்கியத்தில் வேரூன்றியது; கம்பராமாயணத்தின் குலமுறை கிளத்து படலத்தில் இராமனின் முன்னோரை விசுவாமித்திரர் சனகனுக்கு எடுத்துரைக்கிறார். ஆயினும் அது வாயால் சொல்லும் வரிசை. ‘கால்வழி’ என்பது வழித்தோன்றலையே சுட்டுவதால், கோடு பொய்யானாலும் பொய்யாகாதது. வரைந்து காட்டும் பட்டியலுக்கு, படர்ந்து கிளைக்கும் கொடியை உட்கொண்ட ‘கொடிவழி’யே பொருத்தம். ஸ்பென்சர்களின் கொடிவழி பொய், கால்வழி மெய் என்று எழுதினால் குழப்பம் நேராது. ‘குடும்ப மரம்’ வழக்கில் பரவிவிட்டாலும் ஆங்கில நெடி மாறாத ஆக்கம்.

பிரபுப் பட்டம் அடுத்து யாருக்கு என்பதைச் சொல்லும் ‘பட்ட உரிமை வரிசை’யை இவற்றோடு கலக்கலாகாது. முதலாம் மார்ல்பரோ கோமகனின் ஆண்மக்கள் இளமையிலேயே இறந்துவிட, பட்டம் மகள்கள்வழிச் செல்ல 1706இல் நாடாளுமன்றம் சட்டமியற்றியது. அதன்படி 1722இல் மூத்த மகள் ஹென்ரியெட்டாவும், 1733இல் அவருடைய தங்கை ஆனின் மகன் சார்லஸ் ஸ்பென்சரும் பட்டமேற்றனர். பின்னாளில் வின்ஸ்டன் சர்ச்சில் பிறந்தது இந்தச் சார்லஸின் கால்வழியில்தான். ஆனால் மார்ல்பரோ பட்டம் வின்ஸ்டனுக்கு வரவே இல்லை.