பெயின்ற் அடிக்கிற கிழமையில் கோப்புகளை எறியாதீர்கள்

வன்னியில் அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரு பை இருக்கும். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பிள்ளையின் பெறுபேறு எல்லாம் பொலித்தீனில் சுற்றி உள்ளே. 2009 போரில் மாத்தளன் வரை தோளில் போய், பிறகு மெனிக்பாம் அகதி முகாம் கூடாரத்திலும் கிடந்து வந்த பைகள் அவை. அதே வீட்டு ஆள் ஒரு கந்தோரில் வேலை செய்தால், அறைக்குப் பெயின்ற் அடிக்கப் போகிறோம் என்று சொன்ன அன்றே இருபது வருசக் கோப்புகளை விறாந்தையில் தூக்கிப் போடுவார். மழை வந்தால் சரி, கதை முடிந்தது.

பல்கலைக்கழக ஆவணங்களோடு வேலை செய்கிறவன் நான். பல்கலைக்கழகத்தை நடத்துகிற மூதவை, பேரவைக் கூட்டறிக்கைகளைப் பற்றி எனக்குப் பெரிய பயமில்லை, யாராவது பூட்டி வைத்திருப்பார்கள். மாணவர் ஒன்றியம், ஊழியர் சங்கம், தமிழ் மன்றம் இவைதான் பாவம். அறையும் இல்லை, அலுமாரியும் இல்லை, செயலாளர் படிப்பு முடித்து ஊருக்குப் போகும்போது கூட்டறிக்கைப் புத்தகமும் அவரோடு பஸ் ஏறிவிடும்.

அப்படிப் போன சங்கத் தாள்களைச் செட்டிகுளப் பக்கம் ஒரு வீட்டில், கட்டிலுக்குக் கீழே ட்ரங்குப் பெட்டியில் பார்த்தேன். ஒரு காசுப் புத்தகம், பற்றுச்சீட்டுக் கட்டைகள், ரோனியோ என்ற பழைய பிரதி எடுக்கும் இயந்திரத்தில் அடித்த நோட்டீஸ். குண்டூசி துருப்பிடித்துத் தாளோடு ஒட்டியிருந்தது. இழுத்தால் தாளும் கிழிந்து வரும் என்பதால் மெல்லிய பிளாஸ்ரிக் துண்டொன்றை இடையில் செருகி மெதுவாகக் கழற்றினேன். காசுப் புத்தகத்தில் ஒரு வரி: மண்ணெண்ணெய் 2 போத்தல். எதற்கென்று அதில் இல்லை, அதே திகதி நோட்டீஸைப் பார்த்த பிறகுதான் இரவுப் பட்டிமன்றத்துக்கு விளக்குக் கொளுத்த என்று விளங்கியது. நோட்டீஸை எடுத்து நோட்டீஸ் கோப்பிலும் புத்தகத்தைக் கணக்குக் கோப்பிலும் 'ஒழுங்காக' அடுக்கியிருந்தால் இரண்டுமே ஊமை. அதனால்தான் எந்த இடத்திலிருந்து எந்த வரிசையில் வந்ததோ அப்படியே வையுங்கள் என்று வாய் ஓயாமல் சொல்கிறோம். செலோ டேப் ஒட்டாதீர்கள், லமினேற்றும் செய்யாதீர்கள். பெட்டியை நிலத்தில் வைத்தால் கறையானுக்கு விருந்து.

பழைய பெயரில் உள்ள தாள் இனி எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. வவுனியாவில் 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம், 2021இல் தனிப் பல்கலைக்கழகம். கல்லூரிக் காலத்தில் படித்தவர் சான்றிதழை உறுதிப்படுத்தக் கேட்டு வந்தால் எந்தக் கடதாசியைப் பார்ப்பீர்கள்? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டமும், சட்டம் வரும்போது இருந்த பதிவேடுகளைக் குறைந்தது 10 வருசமும் புதியவற்றை 12 வருசமும் வைத்திருக்கச் சொல்கிறது. அரச பல்கலைக்கழகம் அதற்குள் அடக்கம்.

சங்கப் பெட்டி உங்கள் வீட்டில் இருந்தால் உடனே கொண்டுவந்து தாருங்கள் என்று கேட்கவில்லை. என்னென்ன இருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதி, பல்கலைக்கழக நூலகத்துக்கு ஒரு சொல் சொல்லிவிடுங்கள். செட்டிகுளத்து ஐயாவும் பெட்டியைத் தரவில்லை. படம் எடுக்க விட்டார், தேத்தண்ணி தந்தார், நான் வெளிக்கிட முதலே பெட்டியைத் திரும்பக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார்.