ஏற்கெனவே விழுந்திருக்கும் டிக்

வெப்சைட் செய்து தரச் சொல்லி வருகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தில்தான் ஆரம்பிப்பார்கள். சிவப்பு பட்டன் வைத்தால் நிறைய பேர் அழுத்துவார்களாமே, நீலம் நம்பிக்கை தருமாமே என்று யூடியூபில் பார்த்ததைச் சொல்வார்கள். எழுத்து பின்னணியில் கரைந்துவிடாமல் தெளிவாகத் தெரிய வேண்டும், பட்டன் பட்டன் மாதிரி இருக்க வேண்டும். நிறத்தைப் பற்றி நான் உறுதியாகச் சொல்வது கிட்டத்தட்ட அவ்வளவுதான். பதிலுக்கு நான் கேட்பது வேறு: உங்கள் ஃபார்ம் திறக்கும்போதே அதில் எதெல்லாம் தேர்வாகி இருக்கும்?

பலர் முழிப்பார்கள். ஆள் கைவைப்பதற்கு முன்பே விழுந்திருக்கும் டிக், தேர்வாகியிருக்கும் வரி, நிரம்பியிருக்கும் கட்டம் எல்லாவற்றையும் எங்கள் தொழிலில் டீஃபால்ட் என்போம். என் அனுபவத்தில், ஒரு பக்கத்தில் மனித மனதை இவ்வளவு சத்தமில்லாமல் திருப்புகிற சாமான் வேறில்லை.

ஒரு தளத்தை வெளியிடும் முன், அதோடு சம்பந்தமில்லாத நாலைந்து பேரிடம் போனைக் கொடுத்து, ஒரு வேலையைச் சொல்லிவிட்டு, பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்போம். பஸ் டிக்கெட் பதிவு என்று வையுங்கள். சீட் எடுக்கும்வரை ரொம்பக் கவனமாக இருப்பார்கள். ஜன்னலோரமா, லோயரா, அப்பரா, வண்டி எங்கே ஏற்றிக்கொள்ளும் என்று இரண்டு தடவை பார்ப்பார்கள். பெயரும் வயதும் போட்டதும் வேலை முடிந்ததாக மனசு தளர்ந்துவிடும். அடுத்த பக்கம் முழுசாக வருவதற்குள் கட்டைவிரல் திரையின் அடியில், பட்டன் வரப்போகும் இடத்தில் காத்திருக்கும். நடுவில் பயணக் காப்பீடு என்று ஒரு பெட்டி, அதில் டிக். அதன் கீழே ஏதோ நன்கொடை, அதிலும் டிக். விரல் இரண்டையும் தாண்டிப் போய்விடும். அப்புறம், “காப்பீடு எடுத்தீங்களா?” என்று கேட்டால், “இல்லையே, நான் எதையும் தொடவே இல்லையே” என்பார்கள். உண்மைதான், தொடவில்லை. அதனால்தான் காப்பீட்டுக்கும் சேர்த்துப் பணம் போயிருக்கிறது.

படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஐடி கம்பெனியில் நாள் முழுக்கத் திரை பார்ப்பவரும் இதே மாதிரிதான் போவார். இதற்கு மூன்று காரணங்கள். ஒன்று, டிக்கை எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதே ஒரு வேலை. அந்த நேரத்தில் யாருக்கும் இன்னொரு வேலை பிடிக்காது. இரண்டாவது, போட்டிருக்கிறார்கள் என்றால் எல்லாரும் எடுப்பதாகத்தான் இருக்கும் என்ற எண்ணம். மூன்றாவதுதான் கொஞ்சம் நுட்பமானது. கைக்கு வந்துவிட்ட ஒன்றை விடுவது, புதிதாக ஒன்றை வாங்காமல் இருப்பதைவிட வலிக்கும். இழப்பின் வலி, அதே அளவு லாபத்தின் சந்தோஷத்தைவிடப் பெரிது என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதிவிட்டார்கள். காப்பீட்டு டிக்கை எடுக்கப் போகும்போது, எடுத்துவிட்டு ஏதாவது ஆகிவிட்டால் என்று ஒரு கணம் விரல் நிற்கிறதே, அது இதுதான்.

எரிக் ஜான்சன், டேனியல் கோல்ட்ஸ்டீன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2003-ல் வெளியிட்ட ஒப்பீடு ஒன்றை நான் வாடிக்கையாளர்களிடம் அடிக்கடி சொல்வதுண்டு. ஜெர்மனியில் உடலுறுப்பு தானத்துக்குச் சம்மதித்தவர்களாகக் கணக்கில் வந்தவர்கள் 12 சதவீதம். பக்கத்து நாடான, அதே மொழி பேசும் ஆஸ்திரியாவில் கிட்டத்தட்ட 100 சதவீதம். ஜெர்மனியில் தருகிறேன் என்று சொன்னால்தான் சம்மதம். ஆஸ்திரியாவில் தரமாட்டேன் என்று சொல்லாதவரை சம்மதம். இதைக் கேட்டதும் வியாபாரிகளின் கண் பளிச்சிடும். எனக்கு அதில் உறைப்பது வேறு. ஏட்டில் ஏறிய அந்தச் சம்மதமெல்லாம் அப்படியே தானமாக மாறிவிடுவதில்லை. குடும்பம், டாக்டர்கள் என்று இடையில் எவ்வளவோ இருக்கிறது. டிக் வாங்கித் தரும் சம்மதமும் அந்த ரகம்தான். கணக்கில் இருக்கும், ஆளிடம் இருக்காது.

“எல்லாரும் இப்படித்தானே சார் வச்சிருக்காங்க?” என்பது அடுத்து வரும் கேள்வி. ஐரோப்பாவில் வைக்க முடியாது. ஏற்கெனவே டிக் போட்ட பெட்டி, குக்கிகளுக்கான (நம்மை அடையாளம் வைத்துக்கொள்ளத் தளங்கள் நம் கருவியில் போடும் சிறு கோப்புகள்) சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 அக்டோபர் 1 அன்று தீர்ப்பளித்தது. நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று டார்க் பேட்டர்ன்களை, அதாவது ஆளை ஏமாற்றிச் சம்மதிக்க வைக்கும் வடிவமைப்புகளைத் தடுக்க வழிகாட்டு நெறிமுறைகளைக் கொண்டுவந்தது. 13 வகைகள் பட்டியலில் இருக்கின்றன. கேட்காமல் காப்பீட்டையோ நன்கொடையையோ பில்லில் சேர்ப்பது அதில் ஒன்று. ஹோட்டலில் கேட்காமலே தண்ணீர் பாட்டிலைத் திறந்து வைப்பார்களே, அதே வேலைதான்.

டிக்கை எடுக்கச் சொன்னால் சிலர் வேறு வழி தேடுவார்கள். ‘ஆம், என் பயணத்தைப் பாதுகாக்கிறேன்’ என்று பச்சையில் பெரிய பட்டன். அதன் கீழே வெளிறிய சாம்பல் எழுத்தில் ‘வேண்டாம், ஆபத்தை ஏற்கிறேன்’. இப்படிக் கூச்சப்படுத்திச் சம்மதிக்க வைப்பதும் அந்த 13-க்குள்தான் வருகிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி போய், தகவல் பெற ஒருவரிடம் சம்மதம் கேட்கும் வாசகத்தை அவர் விரும்பினால் தமிழ் உட்பட அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் படிக்க வழி இருக்க வேண்டும் என்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தத் தமிழ் வாசகத்தை யாராவது நமக்குப் புரிகிற மாதிரி எழுதியாக வேண்டுமே.

டீஃபால்ட் என்றாலே மோசடி என்று நினைத்துவிட வேண்டாம். நன்றாக வைத்தால் அது வேலையைக் குறைக்கும். பின்கோடு போட்டதும் மாவட்டம் தானாக நிரம்புவது, போன் நம்பர் கட்டத்தைத் தொட்டால் எண்கள் மட்டும் வருவது எல்லாம் நல்ல டீஃபால்ட். கெட்ட எண்ணமே இல்லாமல் மோசமாக வைப்பவர்களும் உண்டு. நம்மூர்க்காரர்களுக்கான தளத்தில் நாடுகளின் பட்டியல் ஆஃப்கானிஸ்தானில் தொடங்கும். 1952-ல் பிறந்தவர் பிறந்த வருடத்தைத் தட்டவிடாமல், இந்த வருடத்திலிருந்து உருட்டிக்கொண்டே போகச் சொல்லும்.

எல்லாவற்றையும்விட என்னைக் கடுப்பேற்றுவது பெயர்தான். முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டும் கட்டாயம் என்று வைத்திருப்பார்கள். எஸ். முருகன் என்பவர் கடைசிப் பெயருக்கு என்ன போடுவார்? எஸ் என்று போட்டால் குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்று சிவப்பில் திட்டும். புள்ளி வைத்துப் பார்ப்பார், ஏற்காது. கடைசியில் முருகன் முருகன் என்று போட்டுவிட்டுப் போவார், அல்லது அப்பா பெயரைப் போடுவார். அப்புறம் டிக்கெட்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர். ஆதாரில் உள்ளபடி முழுப் பெயர் என்று ஒரே ஒரு கட்டம் வைத்தால் தீர்ந்தது. எல்லா மனிதருக்கும் குடும்பப் பெயர் இருக்கும் என்பது தமிழ்நாட்டுக்குச் செல்லாத டீஃபால்ட்.

தளம் செய்பவர்களுக்கு இவ்வளவு போதும். பணம் கட்டுபவர்களுக்கு: நீங்கள் தேர்ந்தெடுத்த விலையும் பட்டனுக்கு மேலே இருக்கும் மொத்தத் தொகையும் ஒன்றா என்று மட்டும் பாருங்கள். மேலே வரி வரியாகப் படிக்க யாருக்கும் பொறுமை கிடையாது, எனக்கும் கிடையாது. தொகை வித்தியாசமாக இருந்தால் பிரித்துக் காட்டும் இடத்தைத் தட்டினால் காரணம் தெரிந்துவிடும். நீங்கள் கேட்காதது இருந்தால், டிக்கை எடுப்பதற்கு முன்னால் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லும்போது, டிக் ஏற்கெனவே விழுந்திருந்தது என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஆதாரம் அதுதான்.