விஸ்கி: சொல்லும் சரக்கும்

விஸ்கி (பெயர்ச்சொல்): தானியத்தை நொதிக்கவைத்து, வாலை என்னும் வடிகலத்தில் காய்ச்சி வடித்து, மரப்பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் முதிரவிட்டு எடுக்கும் சாராயம். கிரந்த எழுத்தைத் தவிர்ப்பவர்கள் ‘விசுக்கி’ என்று எழுதுவார்கள். பொருள் விளங்கச் சொன்னால் தானியச் சாராயம்.

இந்தப் பொருளில் மூன்று உறுப்புகள் இருக்கின்றன: தானியம், வாலை, பீப்பாய். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது விஸ்கி ஆகாது. ஓசூரிலோ தருமபுரியிலோ கடை அலமாரியில் இருக்கும் பாட்டிலைப் பார்க்கும்போதும் இந்த மூன்றையும்தான் தேட வேண்டும்.

சொல் பிறந்தது ஸ்காட்லாந்து, அயர்லாந்துப் பகுதியின் கேலிக் மொழியில். ‘உய்ஷ்கெ பஹா’ என்றால் உயிர்நீர். அந்தத் தொடரும் ‘அக்வா விட்டே’ என்ற லத்தீன் தொடரின் மொழிபெயர்ப்புதான். ஐரோப்பிய மடங்களில் வடித்தெடுத்த சாராயத்தை மருந்தாகக் கருதி அப்படி அழைத்தார்கள். 1494ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து அரசுக் கணக்கில், ‘அக்வா விட்டே’ செய்வதற்காக ஜான் கார் என்ற துறவிக்கு எட்டு ‘போல்’ அளவு மால்ட் (முளைத்தானியம்) கொடுத்ததாகப் பதிவு இருக்கிறது. நாளடைவில் ‘பஹா’ உதிர்ந்தது. மிஞ்சிய ‘உய்ஷ்கெ’ ஆங்கிலேயர் நாவில் விஸ்கி ஆயிற்று. ஆக, இன்று நாம் சொல்லும் சொல்லுக்கு நேர்ப்பொருள் வெறும் ‘நீர்’. அயர்லாந்திலும் அமெரிக்காவிலும் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்து கூடுதலாக வரும். சரக்கின் தரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? பழந்தமிழில் கள், நறவு, தேறல், தோப்பி என்று சொற்களுக்குப் பஞ்சமில்லை. தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்று 235ஆம் பாட்டு கள்ளில்தான் தொடங்குகிறது: “சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே”. கொஞ்சம் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான் என்று அவன் கொடையை நினைத்து அழுகிறார். ஆனால் இந்தச் சொற்கள் எல்லாம் நொதித்த பானத்தின் பெயர்கள். தேறல் என்பது தெளியவைத்த கள். தோப்பி என்பது நெல்லில் செய்த கள். தானியம் என்ற அளவில் தோப்பி நெருங்கி வந்தாலும் அது காய்ச்சி வடித்ததல்ல. இன்றைய பீருக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும்.

‘ஊறல்’ என்று சொல்லலாமே என்றால், அதுவும் சரிவராது. பென்னாகரம், தேன்கனிக்கோட்டைப் பக்கச் செய்திகளில் ‘சாராய ஊறல் அழிப்பு’ என்று படிக்கிறோமே, அந்த ஊறல் காய்ச்சுவதற்கு முந்தைய நிலை. பானையில் நொதித்துக் கிடக்கும் அதை வடித்தால்தான் சாராயம். விஸ்கி ஆலையிலும் இதே வரிசைதான். 7 முதல் 9 சதவீத ஆல்ககால் வலுவுள்ள ஊறலைச் செம்பு வாலையில் இரண்டு முறை வடித்து 70 சதவீதத்தை ஒட்டிக் கொண்டுவருவார்கள். முதலில் இறங்கும் காரமான தலைவடியையும் கடைசியில் வரும் நாற்றமான வால்வடியையும் ஒதுக்கி, நடுப்பகுதியை மட்டும் பீப்பாய்க்கு எடுப்பார்கள். செம்பு அழகுக்காக வைத்ததல்ல. கெட்ட முட்டை வாடை தரும் கந்தகச் சேர்மங்களை அது பிடித்துக்கொள்ளும்.

சித்த மருத்துவத்தில் வாலையில் இறக்கியதற்குத் ‘தீநீர்’ என்று பெயர். ஓமத் தீநீர் பலர் வீட்டில் இருக்கும். அழகான சொல், ஆனால் அது மருந்துக்கே இருக்கட்டும். சாராயம் என்ற சொல்லைக் கேட்டால் பாக்கெட்டும் கள்ளச்சாராயமும் நினைவுக்கு வருவது உண்மைதான். அதற்காக அதை ஒதுக்க வேண்டியதில்லை. வடித்தெடுத்த மது எதுவானாலும் சாராயமே. எனவே விஸ்கிக்குத் தானியச் சாராயம், மால்ட் விஸ்கிக்கு முளைத்தானியச் சாராயம் என்பதே எங்கள் தேர்வு.

மால்ட் என்றால் என்னவென்று கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிடச் செய்து, காயவைத்து அரைத்தால் ராகி மால்ட். பார்லியிலும் இதே வேலைதான். முளைக்கும்போது தானியத்துக்குள் உருவாகும் நொதி, மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும். அந்தச் சர்க்கரையைத்தான் ஈஸ்ட் தின்று ஆல்ககால் ஆக்கும். முளையைக் காயவைக்கும்போது பீட் என்னும் சதுப்புநிலக் கரிமண்ணை எரித்துப் புகைபோட்டால், பானத்தில் புகைவாசம் ஏறும்.

‘சிங்கிள் மால்ட்’ என்பதை ‘ஒற்றை மால்ட்’ என்று எழுதுவது தப்பு. அங்கே ‘சிங்கிள்’ என்பது ஆலையைக் குறிக்கிறது. ஒரே ஆலையில் முளைப் பார்லியை மட்டும் கொண்டு செய்தது என்று பொருள். பல பீப்பாய்களின் சரக்கை அதில் கலந்திருப்பார்கள். ‘ஓராலை முளைச்சாராயம்’ என்றால் பொருள் சரியாக வரும். ‘பிளெண்டட்’ என்றால் கலவை.

இனி நம்மூர்ப் புட்டிக்கு வருவோம். கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்று புறநானூற்று 99ஆம் பாட்டு சொல்கிறது. பாலக்கோட்டிலும் அரூர்ப் பக்கத்திலும் சர்க்கரை ஆலைகள் இருப்பதால், சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கறுப்புப் பாகை இங்கே பலரும் பார்த்திருப்பார்கள். இந்தியாவில் மலிவாக விற்கும் விஸ்கிகளில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை அந்தக் கரும்புப்பாகுதான். அதை மணமோ சுவையோ இல்லாத அளவுக்குச் சுத்தமாக வடித்து, கொஞ்சம் மால்ட் சாராயமும் கருக்கிய சர்க்கரை நிறமும் சேர்த்தால் கடைச்சரக்கு தயார். தானியமும் பீப்பாயும் அதில் பேருக்குத்தான் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதை விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாது. குடிக்கக் கூடாத பொருள் என்று நாங்கள் சொல்லவில்லை; ஆனால் அதற்குச் சரியான பெயர் கரும்புச் சாராயம்.

லேபிளில் முதலில் மூலப்பொருளைப் பாருங்கள். ‘கிரெய்ன் நியூட்ரல் ஸ்பிரிட்’ என்றிருந்தால் தானியம். வெறும் ‘எக்ஸ்ட்ரா நியூட்ரல் ஆல்ககால்’ என்றிருந்தால் கரும்புப்பாகாகவும் இருக்கலாம். ‘ஸ்காட்ச்’ என்று தனியாகப் போட்டிருந்தால் சட்டமே உங்களுக்குத் துணை: ஸ்காட்லாந்திலேயே வடித்து, 700 லிட்டருக்கு மேற்படாத கருவாலி (ஓக்) மரப் பீப்பாயில் அங்கேயே குறைந்தது 3 ஆண்டு இருந்து, 40 சதவீதத்துக்குக் குறையாத வலுவோடு வந்திருக்க வேண்டும். மொத்தமாகக் கொண்டுவந்து இந்தியாவில் புட்டியில் அடைத்த ஸ்காட்ச்சும் உண்டு. அதுவும் ஸ்காட்ச்தான், விலை குறைவாக இருக்கும். ‘பர்பன்’ என்றால் அமெரிக்கச் சரக்கு. குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம், உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாய். அதனால் வெனிலா இனிப்பு தூக்கலாக இருக்கும். புதிதாகப் பழகுகிறவர்களுக்குப் புகைவாசச் சரக்கைவிட இது எளிது.

நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஸ்காட்ச்சிலேயே கருக்கிய சர்க்கரை நிறம் சேர்க்க அனுமதி உண்டு. லேபிளில் 150ஏ என்று வந்தால் அதுதான். வயதை எடுத்துக்கொண்டால், 12 என்று போட்டிருப்பது கலவையில் உள்ள மிக இளைய சாராயத்தின் வயது. ஆனால் அந்தக் கணக்கை இந்தியச் சரக்குக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ஸ்காட்லாந்துக் குளிரில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகும். ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூரில் அது 10 சதவீதத்தையும் தாண்டும். பத்து என்றே வைத்தாலும் ஐந்து ஆண்டில் பீப்பாயில் 59 சதவீதம்தான் மிஞ்சும். ஸ்காட்லாந்தில் 12 ஆண்டு கழிந்தும் 78 சதவீதம் இருக்கும். வெயிலில் மரத்தின் சாரம் சீக்கிரம் இறங்கிவிடும். அதனால்தான் 2004இல் கிளாஸ்கோவில் அறிமுகமான பெங்களூரின் அம்ருத்தும், கோவாவின் பால் ஜானும் பெரும்பாலும் வயதே போடாமல் வருகின்றன. வயதில்லை என்று அவற்றை ஒதுக்குகிறவர்கள் நல்ல சரக்கை இழக்கிறார்கள்.

இந்திய லேபிளில் 42.8 என்ற எண் ஏன் வருகிறது? மதுவின் வலுவை அளந்த பழைய பிரிட்டிஷ் அளவையில் 100 டிகிரி புரூஃப் என்பது 57.1 சதவீதம். அதில் முக்கால் பங்கு, 75 டிகிரி, 42.8 ஆகிறது. அந்த வலுவில் 30 மி.லி.யில் சுமார் 10 கிராம் ஆல்ககால் இருக்கும். குவாட்டர் என்பது 180 மி.லி., அதாவது 60 கிராம். வேடிக்கையாகக் கட்டிங், அதாவது அரைக் குவாட்டர், போடுகிறவருக்கும் 30 கிராம் உள்ளே போகிறது.

குடிக்கும் முறை எளிதுதான். வாய் குறுகிய சிறு கிளாஸில் 30 மி.லி. ஊற்றி, மூக்கை உள்ளே நுழைக்காமல் விளிம்புக்குச் சற்று மேலே வைத்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடி முகருங்கள். நேரே நுழைத்தால் ஆவி மூக்கை மரக்கடித்துவிடும். முதல் மிடறு எரியத்தான் செய்யும். இரண்டாவதில்தான் சுவை தெரியும். பிறகு ஒரு தேக்கரண்டி, 5 மி.லி. தண்ணீர் விடுங்கள். வலு 37 சதவீதத்துக்கு இறங்கும், எரிச்சல் தணியும், அடங்கிக் கிடந்த வாசம் மேலே வரும். ஐஸ் போட்டால் எரிச்சலோடு வாசமும் அடங்கிவிடும். மே மாதத் தருமபுரி வெயிலில் ஒரு கட்டி போடுவதைக் குற்றம் சொல்ல மாட்டோம், ஆனால் முதலில் ஐஸ் இல்லாமல் ஒருமுறை முகர்ந்துவிடுங்கள். தண்ணீர் விட்டதும் லேசாகக் கலங்கினால் பயப்பட வேண்டாம். குளிர்வடிகட்டல் செய்யாத சரக்கில் இருக்கும் கொழுப்பெஸ்டர்கள் அப்படிக் கலங்கும்.

தண்ணீர் எது என்பதும் முக்கியம். நம் இரண்டு மாவட்டங்களிலும் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பும் கடினமுமாக இருக்கும். நல்ல சிங்கிள் மால்ட்டில் அதை ஊற்றினால் சப்பென்று ஆகிவிடும். ஒகேனக்கல் குடிநீரோ கேன் தண்ணீரோ விடுங்கள். சோடா, மலிவான கலவைக்குச் சரி. தொட்டுக்க வேகவைத்த வேர்க்கடலை போதும். ஊறுகாயின் புளிப்பும் காரமும் நாக்கை மூடிவிடும்.

புட்டியில் உண்மையில் மால்ட்டும் மரமும் இருந்தனவா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. குடித்த கிளாஸைக் கழுவாமல் வைத்து, காலையில் முகருங்கள். பீப்பாயில் முதிர்ந்ததாக இருந்தால் காய்ந்த மரமும் தேனும் கலந்த வாசம் அடியில் நிற்கும். கரும்புச் சாராயம் என்றால் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது.

புட்டியை நிமிர்த்தியே வையுங்கள். ஒயினைப்போல் படுக்கவைத்தால் சாராயம் தக்கையை அரித்துவிடும். கண்ணாடிக்குள் போனபின் விஸ்கிக்கு வயது ஏறாது. பாதிக்குக் கீழே இறங்கியது காற்றோடு சேர்ந்து சில மாதங்களில் மணம் இழக்கும், எனவே நல்ல நாளுக்கென்று அடிப்புட்டியைச் சேமித்து வைப்பதில் பயனில்லை. கர்நாடக எல்லையில் உள்ள அத்திப்பள்ளியில் விலை குறைவென்று வாங்கி அனுமதியின்றி ஜுஜுவாடி சோதனைச்சாவடி தாண்டிக் கொண்டுவந்தால் மதுவிலக்குச் சட்டத்தில் வழக்கு வரும். தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. வண்டி ஓட்டுவதற்கான சட்ட வரம்பு 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.; 60 மி.லி. விஸ்கியே பலரை அதற்கு மேலே கொண்டுபோய்விடும், அது உடலைவிட்டு இறங்க இரண்டு மூன்று மணி நேரமாவது ஆகும். தொப்பூர் கணவாய் வழியாகப் போக வேண்டியிருந்தால் அன்றைக்குப் புட்டியைத் திறக்கவே வேண்டாம்.