சானிட்டேஷன் என்றால் துப்புரவு

சிற்றூர்ப் பள்ளிகளுக்கும் மருத்துவ நிலையங்களுக்கும் நல்ல நீரும் கழிப்பறையும் கொண்டுசேர்க்கும் திட்டங்களைப் பற்றிப் படித்தால் 'வாஷ்' என்ற சொல் கண்ணில் படும். வாட்டர், சானிட்டேஷன், ஹைஜீன் ஆகியவற்றின் எழுத்துகளைச் சேர்த்து உண்டாக்கிய சுருக்கம் அது. வாட்டர் நீர்தான், அதில் சிக்கல் இல்லை. நடுவில் உள்ள சானிட்டேஷன்தான் தமிழில் தடுமாறுகிறது. ஒருவர் சுகாதாரம் என்கிறார், இன்னொருவர் கழிப்பறை வசதி என்கிறார், மூன்றாமவர் துப்புரவு என்கிறார்.

இலத்தீனில் 'சானுஸ்' என்றால் நலமாக இருப்பவர், 'சானித்தாஸ்' என்றால் உடல்நலம். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சானிட்டரி ஆகி, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சானிட்டேஷன் என்ற வடிவம் எடுத்தது. காலரா ஐரோப்பிய நகரங்களை உலுக்கிய காலம் அது. 1854இல் இலண்டனின் பிராட் தெருவில் பலர் காலராவால் இறந்தபோது, அங்கிருந்த ஒரு கைப்பம்பின் நீரைக் குடித்தவர்களிடமே நோய் மிகுந்திருந்ததை ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் காட்டினார். பக்கத்து வீட்டு மலக்குழி கசிந்து அந்தப் பம்பின் கிணற்றில் கலந்திருந்தது பின்னர் தெரியவந்தது. நலம் என்று பொருள்படும் வேரிலிருந்து வந்த சொல், மலத்தை நீரிலிருந்து விலக்கி வைக்கும் வேலைக்குப் பெயரானது இந்தச் சூழலில்தான்.

இன்றும் அதன் உள்ளடக்கம் இதுவே. மனிதக் கழிவு யாருடைய கையிலும் உணவிலும் குடிநீரிலும் சேராதபடி பிரிப்பது, குழியிலோ தொட்டியிலோ அடக்குவது, நிரம்பினால் எடுத்துச் சென்று கேடில்லாமல் மாற்றுவது. கழிப்பறை இதில் முதல் படிதான். குழி நிரம்பி வழிந்து பள்ளியின் கிணற்றில் இறங்கினால், கட்டடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே சானிட்டேஷன் இல்லை. அதனால் 'கழிப்பறை வசதி' என்ற மொழிபெயர்ப்பு போதாது.

சுகாதாரம் இதற்கு நேர்மாறு, அளவுக்கு மீறி அகன்றது. சுகம், ஆதாரம் என்ற இரண்டு வடசொற்கள் கூடியது அது. தடுப்பூசி, மருந்து, பிரசவம் எல்லாம் அதற்குள் அடங்கும். 'சுகாதார நிலையங்களில் சுகாதார வசதி இல்லை' என்ற வரியைப் படிப்பவருக்கு என்ன புரியும்? மருத்துவர் இல்லையா, மருந்து இல்லையா, பிரசவித்த பெண் போய்வரக் கழிப்பறை இல்லையா? குறை எதுவென்று தெரியாவிட்டால் அதைத் தீர்க்கும் பொறுப்பு யாருடையது என்றும் தெரியாது. எனக்கு இது வெறும் சொல் சண்டையாகப் படவில்லை.

சரி, துப்புரவு? திருக்குறளில் 'துப்புரவு இல்லார்' என்று வருகிறது. அங்கே அதற்கு நுகரும் பொருள் என்று அர்த்தம். துப்பு என்ற சொல்லுக்கு வலிமை, உணவு, தூய்மை எனப் பல பொருள்கள் உண்டு; இன்று துப்புரவு என்றதும் தூய்மைதான் மனத்தில் நிற்கிறது. பெருக்குவதை மட்டும் குறிக்கும் சொல் என்று சிலர் தயங்குகிறார்கள். ஆனால் கழிவை அகற்றும் வேலை அந்தச் சொல்லோடு ஏற்கெனவே ஒட்டியிருக்கிறது, சுகாதாரத்தின் குழப்பமும் இல்லை. என் தேர்வு துப்புரவுதான்.

அப்புறம் ஹைஜீன். கிரேக்கரின் நலத் தெய்வமான ஹைஜியாவின் பெயரோடு தொடர்புள்ளது. கை கழுவுவது, மாதவிடாய்க் காலத் தூய்மை போன்ற பழக்கங்களைக் குறிக்கும். 'புறந்தூய்மை நீரான் அமையும்' என்று குறளிலேயே இருப்பதால் தூய்மை, தன்தூய்மை என்று தாராளமாக எழுதலாம்.

2010 ஜூலை 28 அன்று ஐநா பொதுச்சபை நீரையும் துப்புரவையும் மனித உரிமையாக ஏற்றது. 2015இல் துப்புரவைத் தனி உரிமையாகவே பிரித்துச் சொன்னது. குழாய் போட்டதும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பள்ளிகளுக்கு 25 மாணவிகளுக்கு ஒரு கழிப்பறை, 50 மாணவர்களுக்கு ஒரு கழிப்பறையும் சிறுநீர் கழிக்கும் இடமும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. எண்ணிக்கை சரியாக இருந்தாலும் கதவு உள்ளே தாழிட முடியாததாகவோ, பூட்டிச் சாவி தலைமையாசிரியரிடம் இருப்பதாகவோ இருந்தால் அது கணக்கில் வராது. மருத்துவ நிலையத்தில் ஊழியர்களுக்கென ஒன்று, மாதவிடாய்த் தேவைக்கான வசதியோடு பெண்களுக்கென ஒன்று, நடக்கச் சிரமப்படுபவர்கள் பயன்படுத்தக்கூடிய ஒன்று என எல்லாம் இருந்தால்தான் அதை 'அடிப்படைத் துப்புரவு' என்று எழுதலாம். வீடுகளுக்கான அளவுகோலில், பிற வீட்டாரோடு பகிராத கழிப்பறையின் கழிவு கடைசிவரை கேடின்றிக் கையாளப்பட்டால் அது 'பாதுகாப்பான துப்புரவு'.