துப்பாக்கிப் பார்சல் கடைக்குப் போகாமல் வீட்டுக்கே வந்துவிட்டால் என்ன செய்வது?

அமெரிக்காவில் துப்பாக்கியை ஆன்லைனில் ஆர்டர் செய்யலாம், பணமும் கட்டலாம், ஆனால் அது நேராக உங்கள் வீட்டுக்கு வரக் கூடாது. விற்பவர் அதை உங்கள் ஊர்ப் பக்கம், மத்திய அரசின் உரிமம் வைத்திருக்கும் ஒரு துப்பாக்கிக் கடைக்கு அனுப்ப வேண்டும். எஃப்எஃப்எல் என்பது அந்த உரிமத்தின் பெயர்தான், ஆனால் பேச்சில் கடைக்காரரையே அப்படிச் சொல்லிவிடுகிறார்கள். நீங்கள் அங்கே நேரில் போய், அடையாள அட்டை காட்டி, படிவம் 4473-ஐ நிரப்பி, நிக்ஸ் எனப்படும் பின்னணிச் சோதனையில் தேறிய பிறகுதான் வழக்கமாகத் துப்பாக்கி கைக்கு வரும். இதில் எதுவுமே நடக்காமல், ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் வாசலில் அந்தப் பெட்டி கிடக்கிறது. அப்போது என்ன செய்யலாம், என்ன செய்யவே கூடாது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

இப்படி நடப்பதற்குப் பெரிய சதியெல்லாம் தேவையில்லை. ஆர்டர் பக்கத்தில் இரண்டு முகவரிகள் இருக்கும்: கிரெடிட் கார்டுக்கான உங்கள் வீட்டு முகவரி ஒன்று, கடையின் முகவரி ஒன்று. கிடங்கில் லேபிள் அடிப்பவர் முதல் முகவரியை எடுத்துவிட்டால் போதும், பெட்டி உங்கள் வீட்டுக்குக் கிளம்பிவிடும். கொரியர்காரருக்கும் சந்தேகம் வராது, ஏனென்றால் உள்ளே துப்பாக்கி இருக்கிறது என்று பெட்டியின் வெளியே எழுதச் சொல்லி எந்த கொரியர் நிறுவனமும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. வழியில் திருட்டுப் போகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. வெளியே பார்த்தால் சாதாரணப் பழுப்பு அட்டைப் பெட்டி, கொஞ்சம் நீளமாக, வயதுக்கு வந்தவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு ஸ்டிக்கருடன் இருக்கும், அவ்வளவுதான்.

சரி, இதில் குற்றம் யாருடையது? 1968-ல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் இதற்கெல்லாம் அடிப்படை. கென்னடியைச் சுட்ட ஆஸ்வால்ட், சிகாகோ கடை ஒன்றிலிருந்து பொய்ப் பெயரில் தபால் மூலம் அந்த ரைஃபிளை டல்லாஸில் இருந்த ஒரு தபால் பெட்டிக்கு வரவழைத்தான், தபால் செலவோடு சேர்த்து 21.45 டாலர். யார் வாங்குகிறார் என்று யாரும் பார்க்காமல் துப்பாக்கி தபாலில் போகும் அந்த வழியை அடைக்கத்தான் இந்தச் சட்டம் கொண்டுவரப்பட்டது. இதன்படி, உரிமம் உள்ள விற்பனையாளர் வேறு மாநிலத்தில் இருக்கும் உரிமம் இல்லாத ஒருவருக்குத் துப்பாக்கி அனுப்புவது தவறு, பிரிவு 922-ன் கீழ் வருகிறது. அதே பிரிவு, வேறு மாநிலத்தில் வாங்கிய துப்பாக்கியைத் தன் மாநிலத்தில் நேராகப் பெற்றுக்கொள்வதையும் தவறு என்கிறது. இந்த இரண்டாவது வரியைப் படித்துவிட்டுத்தான் பலர் பயந்துபோகிறார்கள்.

பயப்பட வேண்டாம். அந்த இரண்டாவது விதியை மீறியதாகத் தண்டிக்க வேண்டுமானால், சட்டத்துக்கு விரோதம் என்று தெரிந்தே செய்தார் என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். யாரோ தப்பாக லேபிள் ஒட்டி, யாரோ வாசலில் வைத்துவிட்டுப் போனது உங்கள் தவறு ஆகாது. ஆனால் பெட்டிக்குள் என்ன இருக்கிறது, அது எங்கே போயிருக்க வேண்டும் என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து நிலைமை வேறு. தெரிந்த பிறகும் சத்தம் போடாமல் எடுத்து அலமாரியில் வைத்துக்கொண்டால், அது நீங்கள் எடுத்த முடிவு. அதற்கு ஐந்து வருஷம் வரை சிறை என்று சட்டம் சொல்கிறது.

"பணம் கட்டியாச்சு, பொருள் என்னுடையதுதானே" என்று கேட்பவர்களுக்கு: விலை கொடுத்தது நீங்கள்தான், ஆனால் சோதனை முடிந்து படிவத்தில் பதிவாகும் வரை அதை உங்கள் கையில் கொடுக்கக் கடைக்காரருக்கே அனுமதி இல்லை. கேட்காமல் தபாலில் வந்த பொருளை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி உண்டே என்று சிலர் அதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அது ஆர்டரே செய்யாத ஒருவருக்குப் பொருளை அனுப்பிவிட்டுப் பிறகு பணம் கேட்கும் வியாபாரிகளைத் தடுக்க வந்த விதி. முகவரி மாறி வந்த பெட்டிக்கு அது பொருந்தாது.

அப்புறம் இன்னொரு விஷயம், இதைப் பலர் யோசிப்பதில்லை. பெட்டி கடைக்கு வரவில்லை என்று தெரிந்ததும், உரிமம் வைத்திருக்கும் விற்பனையாளர், வழியில் துப்பாக்கி காணாமல் போனதாக 48 மணி நேரத்துக்குள், துப்பாக்கி விற்பனையைக் கண்காணிக்கும் மத்திய அரசின் ஏடிஎஃப் துறைக்கும் உள்ளூர் போலீஸுக்கும் சொல்லியாக வேண்டும். அந்தத் துப்பாக்கியின் வரிசை எண் காணாமல் போனவற்றில் பதிவாகிவிடும். நீங்கள் சும்மா இருந்தால், ஒரு வருஷம் கழித்து ரோட்டில் போலீஸ் நிறுத்தி அந்த எண்ணைத் தட்டிப் பார்க்கும்போது என்ன வரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அதனால் முதல் வேலை, பெட்டியைத் திறக்காதீர்கள். ஏற்கெனவே திறந்துவிட்டீர்களா, பரவாயில்லை, துப்பாக்கியைக் கையாளாமல் அப்படியே மூடி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். லேபிளை, கண்காணிப்பு எண்ணோடு, தெளிவாக ஒரு போட்டோ எடுங்கள். உடனே விற்பனையாளருக்கு போன் செய்யுங்கள், போனில் சொன்னதை அப்படியே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். எழுத்தில் இருப்பதுதான் பிறகு உங்களுக்குத் துணை. நீளமாக எழுத வேண்டியதில்லை: "என் ஆர்டர் எண் இது. இந்தக் கடைக்குப் போக வேண்டிய பார்சல் இன்று மாலை என் வீட்டுக்கு வந்திருக்கிறது. நான் திறக்கவில்லை. கொரியரை அனுப்பித் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், எப்போது வருவார்கள் என்று எழுத்தில் சொல்லுங்கள்." இவ்வளவு போதும்.

அடுத்த போன், துப்பாக்கி போக வேண்டியிருந்த உள்ளூர்க் கடைக்கு. அவர் விவரம் தெரிந்தவர், விற்பனையாளரோடு அவரே பேசிவிடுவார். சில சமயம் விற்பனையாளர், "நீங்களே அந்தக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்" என்பார். விற்பனையாளரும் கடைக்காரரும் இரண்டு பேரும் எழுத்தில் ஒத்துக்கொண்டு, உங்களுக்குத் துப்பாக்கி வைத்திருக்கச் சட்டப்படி எந்தத் தடையும் இல்லை என்றால் இதைச் செய்யலாம், ஆனால் அதற்கு முன் பக்கத்து ஏடிஎஃப் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது. கடைக்காரர் தன் பதிவேட்டில் வரவு வைத்து, உங்களிடம் 4473 வாங்கி, சோதனை நடத்தி, பிறகு முறைப்படி கொடுப்பார். விற்பனையாளர் பலவந்தமாகச் சுருக்கு வழி காட்டினால் ஏமாறாதீர்கள்: "படிவத்தை மெயிலில் அனுப்புகிறேன், கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினால் முடிந்தது" என்றால் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

நீங்களாகவே கொரியரில் திருப்பி அனுப்பவும் முயலாதீர்கள். யுபிஎஸ், ஃபெடெக்ஸ் இரண்டுமே உரிமம் இல்லாதவர்களிடமிருந்து துப்பாக்கி வாங்குவதில்லை. கைத்துப்பாக்கியைச் சாதாரண ஆள் தபாலில் அனுப்புவது 1927-லிருந்தே தடை. உள்ளே வேறு ஏதோ பொருள் என்று பொய் சொல்லி அனுப்பினால், இதுவரை இல்லாத குற்றம் புதிதாக உங்கள் தலையில் ஏறும்.

நம் ஆட்களுக்காக இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். எச்-1பி, எஃப்-1, எல்-1 போன்ற விசாக்களில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. பக்கத்து வீட்டுக்காரரின் துப்பாக்கிப் பெட்டி தவறி உங்கள் வாசலுக்கு வந்தாலும், உங்கள் அறைத் தோழர் ஆர்டர் செய்தது வந்தாலும், விசாவில் இருப்பவர் அதைக் காரில் எடுத்துக்கொண்டு அலைய வேண்டாம். கொரியரைக் கூப்பிடுங்கள், அவர்கள் வர மறுத்தால் போலீஸின் அவசரமல்லாத எண்ணுக்குப் போன் செய்து வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இந்தத் தடையை மீறினால் 2022-க்குப் பிறகு தண்டனை 15 வருஷம் வரை, விசாவும் போய்விடும் அபாயம் இருக்கிறது. ஃபுளோரிடாவில் ஒரு மாணவர், விசாத் தகுதி போன பிறகு துப்பாக்கி சுடும் பயிற்சி மையத்துக்குப் போய்ச் சுட்டதற்கே வழக்கில் மாட்டினார். ரெஹைஃப் என்ற அந்த மாணவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, 2019-ல் வந்த தீர்ப்பு, தனக்கு அந்தத் தகுதி இல்லை என்பது அவருக்குத் தெரியும் என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்றது. நல்ல தீர்ப்புதான், ஆனால் அதை நம்பி ஒருவர் பெட்டியை வைத்துக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை.

வீட்டுக்கு வந்தால் எல்லாமே தவறு என்றும் இல்லை. உங்கள் துப்பாக்கியைப் பழுதுபார்க்க நீங்கள் தயாரிப்பாளருக்கு அனுப்பியிருந்தால், சரிசெய்ததையோ அதற்குப் பதில் அதே வகைத் துப்பாக்கியையோ அவர்கள் நேராக உங்களுக்கே திருப்பி அனுப்பலாம். 1898-லோ அதற்கு முன்போ செய்த பழந்துப்பாக்கிகள் மத்தியச் சட்டத்தில் இந்தக் கணக்கில் வராது. அதேபோல் பிடி, தொலைநோக்கி போன்ற உதிரி பாகங்கள் பெரும்பாலும் வீட்டுக்கே வரும். வரிசை எண் பொறித்த உடல் பகுதி இருக்கிறதே, சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி என்பது அதுதான், அது மட்டும் தனியாக வந்தாலும் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும்.

மாநிலச் சட்டங்கள் இதைவிடக் கடுமையாக இருக்கலாம். இல்லினாயில் துப்பாக்கி வைத்திருக்கவே தனி அட்டை வேண்டும், நியூயார்க்கில் கைத்துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும், கலிஃபோர்னியாவில் பத்து நாள் காத்திருப்பு. அந்த மாநிலங்களில் இருந்தால் பெட்டியைத் தொடுவதற்கு முன்பே ஒரு வக்கீலிடமோ ஏடிஎஃப் அலுவலகத்திடமோ கேட்டுவிடுங்கள்.

பெட்டி திரும்பப் போனதும் கொரியர்காரரிடம் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள், பெற்றுக்கொண்டோம் என்று விற்பனையாளர் எழுதி அனுப்பும் வரை விடாதீர்கள். திருப்பி அனுப்பும் செலவும் மறுபடி கடைக்கு அனுப்பும் செலவும் அவர்களுடையது, அதைக் கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம். போட்டோ, மின்னஞ்சல், ஒப்புகைச் சீட்டு மூன்றையும் பத்திரமாக ஒரே இடத்தில் வைத்திருங்கள், கடையில் முறைப்படி 4473 போட்டுத் துப்பாக்கி வாங்கிய பிறகும் தூக்கிப் போடாதீர்கள்.